தாத்தாவின் நோட்டுகளும் உன் பழைய பாஸ்வேர்டும்

அன்பு மகளுக்கு,

பழைய கம்ப்யூட்டரில் இருந்த படங்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கவலையோடுதான் படிப்பாய். தாத்தாவின் நோட்டுகளை நீ ஸ்கேன் செய்து வைத்த ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. அதற்கு உன் உதவி வேண்டும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

மதர்போர்டு போனதும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதுக் கம்ப்யூட்டரில் இணைத்தோம். எதைத் தொட்டாலும் அனுமதி இல்லை என்றே வந்தது. "அதே பேர்லதானே லாகின் வெச்சிருக்கோம், ஏன் திறக்கல?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். விண்டோஸ் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான அடையாள எண் ஒன்றைக் கொடுத்து, யார் எந்த ஃபைலைத் திறக்கலாம் என்ற பட்டியலில் அந்த எண்ணைத்தான் எழுதி வைக்கிறது. புது விண்டோஸில் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு. நம் படங்களுக்கே நாம் வேற்றாள் ஆகிவிட்டோம்.

இந்தப் பூட்டைத் திறக்க வழி இருக்கிறது. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அதற்குள் அட்வான்ஸ்டு. அங்கே ஓனராக என் கணக்கை வைத்தேன். உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் அதுவே என்ற கட்டத்தையும் டிக் செய்தேன். கம்ப்யூட்டர் முழுவதையும் நிர்வகிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு என்பதால் விண்டோஸ் அனுமதித்தது. ஆனால் ஓனர் ஆனதாலேயே படிக்கும் உரிமை வந்துவிடாது, அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். நான் வெகுநேரம் திணறியது அந்த இடத்தில்தான். நீ எப்போதாவது இதைச் செய்ய நேர்ந்தால், வேண்டிய ஃபோல்டருக்கு மட்டும் செய். சி டிரைவ் முழுவதற்கும் ஓனரை மாற்று என்று யாராவது சொன்னால் கேட்காதே, விண்டோஸே படுத்துவிடும்.

உன் பெயரில் இருந்த ஃபோல்டரை நான் தொடவில்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் நினைத்தால் அதையும் திறந்துவிடலாம் என்று தெரிந்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நீ எழுதி வைத்தவை உன்னுடையவை. அம்மா என்பதற்காக எடுத்துப் படித்துவிட முடியாது.

இப்போது 'தாத்தா நோட்டு' விஷயத்துக்கு வருகிறேன். ஓனரை மாற்றியாயிற்று, உரிமையும் கொடுத்தாயிற்று. ஃபைல்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன. திறந்தால் மறுக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் சின்னப் பூட்டுக் குறி இருக்கிறது. அது இ.எஃப்.எஸ். என்கிரிப்ஷன், அதாவது ஃபைலைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் விண்டோஸ் வசதி. தம்பி எல்லாவற்றையும் நோண்டிக்கொண்டிருந்த காலத்தில் நீ வைத்திருப்பாய். தன் அண்ணனோடு இருந்த மனத்தாங்கலைக்கூட தாத்தா அந்த நோட்டுகளில் எழுதியிருந்தார், அதனால் நீ பூட்டியது சரியான காரியம். ஆனால் முந்தைய பூட்டு வாசல் காவலாளி மாதிரி ஆள் யார் என்று மட்டும் பார்க்கும். இதுவோ ஃபைலுக்குள் இருப்பதையே உருமாற்றி வைத்திருக்கிறது. சாவி இல்லாமல் யார் ஓனராக இருந்தும் பயனில்லை.

அந்தச் சாவி உன் பழைய கணக்கின் ப்ரொஃபைலுக்குள், அதாவது அந்தக் கணக்குக்கென்று விண்டோஸ் வைத்திருக்கும் ஃபோல்டருக்குள், உன் லாகின் பாஸ்வேர்டால் காக்கப்பட்டுக் கிடக்கிறது. ரிப்பேருக்கு வந்தவர், பழைய விண்டோஸை எழுப்பி உன் பாஸ்வேர்டை ரீசெட் செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பழைய பாஸ்வேர்டு தெரிந்து நாமே மாற்றினால் சாவியும் கூடவே வரும். அட்மினிஸ்ட்ரேட்டர் வலுவில் மாற்றினால் கணக்கு திறக்கும், சாவி திறக்காது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடலாம் என்ற பேச்சையும் அங்கேயே நிறுத்தினேன். முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சரி, நீ செய்ய வேண்டியது. முதன்முதலில் என்கிரிப்ட் செய்தபோது சாவியை பேக்கப் எடுக்கச் சொல்லி விண்டோஸ் கேட்டிருக்கும். எடுத்திருந்தால் பி.எஃப்.எக்ஸ். என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று உன் பழைய பென் டிரைவிலோ, உனக்கு நீயே அனுப்பிக்கொண்ட மெயிலிலோ இருக்கும். அதற்கென்று வைத்த பாஸ்வேர்டும் தெரிந்தால் போதும். புதுக் கம்ப்யூட்டரிலேயே அதை ஏற்றி நோட்டுகளைத் திறந்துவிடலாம். அது இல்லையென்றால் அந்தக் காலத்து லாகின் பாஸ்வேர்டை யோசித்துப் பார். எழுதி அனுப்பாதே, கூப்பிட்டுச் சொல். பழைய டிஸ்க்கிலிருந்தே விண்டோஸைக் கிளப்பி உன் கணக்கில் நுழைய முயன்று பார்க்கிறேன்.

நீ ஸ்கேன் செய்த பிறகு அந்த நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. தாத்தாவின் கையெழுத்து இனி இந்த ஃபைல்களில் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன். திறந்ததும் என்கிரிப்ஷனை நீக்கிவிட்டு உனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு நகல் தருகிறேன். யாரிடம் காட்டுவது, எதைக் காட்டாமல் வைப்பது என்பதை நாம் மூவரும் பேசி முடிவு செய்வோம்.

அப்புறம், புதுக் கம்ப்யூட்டரில் டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறது. அதன் 48 இலக்க மீட்புச் சாவியை அச்செடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். நீ வரும்போது உனக்கும் ஒரு பிரதி.

பென் டிரைவை இன்றே தேடு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ராத்திரி கூப்பிடு.

அன்புடன்,
அம்மா