பவர் ஃப்ளஷ் செய்ததாகப் பில் கொடுத்தீர்கள், ரேடியேட்டருக்குள் சேறு அப்படியே இருக்கிறது

அனுப்புநர்: ஈஸ்ட் ஹாம் வாடிக்கையாளர், லண்டன்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்கள்
பொருள்: அக்டோபரில் செய்த சென்ட்ரல் ஹீட்டிங் சுத்திகரிப்பு, புதுப்பிப்பு வேலையில் உள்ள குறைகள்

ஐயா / அம்மா,

வணக்கம். பாய்லரில் சுட்ட தண்ணீரைக் குழாய் வழியாக அறை ரேடியேட்டர்களுக்கு அனுப்பி வீட்டைச் சூடாக்கும் எங்கள் ஹீட்டிங்கில், கடந்த அக்டோபரில் நீங்கள் செய்த வேலை பற்றி எழுதுகிறேன். மூன்று முறை போனில் சொல்லியும் ஒன்றும் நடக்காததால் இந்தக் கடிதம். வீட்டைப் பார்க்க வந்தவரும், கொட்டேஷனை விளக்கியவரும் என்னிடம் தமிழில்தான் பேசினார்கள். அதனால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன். பில், கொட்டேஷன் நகல்களையும் நான் எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இயந்திரம் என்றால் பழுதாகும், அது எனக்குத் தெரியும். பாய்லர் நின்றுபோனதற்காக மட்டும் நான் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். தண்ணீரை வேகமாக ஓடவிட்டுச் சேற்றை வெளியேற்றும் பவர் ஃப்ளஷ் மூலம் சிஸ்டம் முழுவதையும் சுத்தம் செய்துவிட்டோம் என்று பில்லில் எழுதி, அதற்கென்று தனியாக 640 பவுண்டு வாங்கிக்கொண்டு, சேற்றை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். என் புகார் அதுதான். இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் பட்ட கஷ்டத்தில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது.

எங்களுடையது நூறு வருடத்துக்கும் மேலான வரிசை வீடு. கரி அடுப்புக்காகக் கட்டிய வீட்டில் 1980-களில் யாரோ ஹீட்டிங் போட்டிருக்கிறார்கள். கூரைக்கு அடியில் லாஃப்டில் ஒரு சின்னத் தொட்டி, மாடியில் சுடுநீர் சிலிண்டர், கீழ்த்தளத்தில் பலகைக்கு அடியில் 10 மில்லிமீட்டர் செம்புக் குழாய், மொத்தம் ஒன்பது ரேடியேட்டர். நாங்கள் வாங்கியபோதே பல ரேடியேட்டர்கள் மேலே சுட்டன, அடியில் சில்லென்று இருந்தன. செப்டம்பரில் பார்க்க வந்த உங்கள் ஆள் அதைத் தொட்டுப் பார்த்ததுமே காரணத்தைச் சொன்னார். உள்ளே இருக்கும் இரும்பு தண்ணீரில் அரித்து, கறுப்பு மேக்னடைட் சேறாக மாறி அடியில் படிந்திருக்கிறது, அதை எடுக்காமல் புது பாய்லர் வைத்தால் பாய்லரையும் கெடுத்துவிடும் என்றார். அவர் சொன்னது சரி. எனக்கு நம்பிக்கை வந்தது. ஹீட்டிங், குழாய்ச் சுடுநீர் இரண்டையும் ஒன்றாகத் தரும் காம்பி பாய்லர், சேற்றைப் பிடிக்கும் காந்த வடிகட்டி, ஹால் தவிர மற்ற எட்டு ரேடியேட்டருக்கும் தெர்மோஸ்டாட் வால்வு, லாஃப்ட் தொட்டியை எடுத்துவிட்டு வெளிக்காற்றுப் படாத மூடிய சிஸ்டமாக மாற்றுவது, எல்லாவற்றுக்கும் முன்னால் பவர் ஃப்ளஷ் என்று 4,190 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டோம். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினேன்.

வேலை இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் வேலையில் எனக்குக் குறை இல்லை. கேஸ் குழாயை ஒழுங்காக மாற்றினார்கள், வால்வுகளைச் சுத்தமாகப் போட்டார்கள், வேலை முடிந்து போகும்போது பெருக்கிவிட்டும் போனார்கள். கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் கேஸ் சேஃப் வழியாக வர வேண்டிய சான்றிதழும் தபாலில் வந்துவிட்டது. இரண்டாம் நாள் நடந்ததுதான் பிரச்சினை.

அன்று காலை 11 மணிக்கு ஃப்ளஷ் இயந்திரத்தை மாட்டினார்கள். ஒன்றரை மணிக்கு எல்லாவற்றையும் வேனில் ஏற்றியாகிவிட்டது. ஒன்பது ரேடியேட்டருக்கு இரண்டரை மணி நேரம். அதிலும் முதல் அரை மணி குழாய் மாட்டவே போய்விட்டது. வேலை முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன். எந்த ரேடியேட்டரின் வால்வையும் தனியாக மூடித் திறந்ததை நான் பார்க்கவில்லை. மாடிக்கு ஒரே ஒரு முறைதான் ஒருவர் ஏறிப் போனார்.

இது போதாது என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் இல்ஃபோர்டில் என் நண்பர் வீட்டில் இதே வேலை நடந்தபோது ஒரு நாள் முழுக்க கூடவே இருந்தேன். அங்கே வந்தவர் முதலில் சுத்தம் செய்யும் ரசாயனத்தை ஊற்றி, சூடாக்கிச் சுழலவிட்டார். அப்புறம் ஒரு ரேடியேட்டரை மட்டும் திறந்து வைத்து மற்ற எல்லாவற்றையும் மூடினார். அழுத்தம் குறைவாகவும் ஓட்டம் வேகமாகவும் தண்ணீரை விட்டு, அடிக்கடி திசையை மாற்றினார். ரப்பர் சுத்தியலால் ரேடியேட்டரின் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தெளிந்த பிறகுதான் அடுத்த ரேடியேட்டருக்குப் போனார். கடைசியில் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளரிலும் சிஸ்டம் தண்ணீர் ஒரு டம்ளரிலும் பிடித்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று மீட்டரில் பார்த்த அளவையும் எழுதிக் கொடுத்தார். அதன்பின் அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் திரவத்தை ஊற்றி, எத்தனை பாட்டில் ஊற்றினார் என்பதை ஒரு லேபிளில் எழுதி பாய்லர் பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

எங்கள் வீட்டில் தண்ணீரைக் காட்டச் சொல்லி நானே கேட்டேன். வாளியில் இருந்தது பால் ஊற்றாத காப்பி நிறம். “பழைய வீடுன்னா இப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓடச் சரியாகிடும்” என்றார் வந்தவர். அந்தச் சேறு ஓட ஓடச் சரியாகாது, ஓடிப்போய் வேறு இடத்தில் அடைக்கும். அன்றே அழுத்திக் கேட்டிருக்கலாம். வேலை தெரிந்தவர் சொல்கிறார் என்று நம்பிவிட்டேன்.

நவம்பரிலேயே முன் அறை, சமையலறை ரேடியேட்டர்கள் இரண்டும் அடியில் குளிர ஆரம்பித்தன. வாரம் இரண்டு முறை ரேடியேட்டரில் காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தது. மூடிய சிஸ்டத்தில் எங்கிருந்து இவ்வளவு காற்று வருகிறது என்று எனக்குக் குழப்பம். உள்ளே அரிப்பு நடந்தால் ஹைட்ரஜன் வாயு சேரும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். டிசம்பரில் பாய்லர் கெட்டில் கொதிப்பதுபோல் சத்தம் போட்டது. குளியலறையில் தண்ணீர் சூடாக வந்து, அரை நிமிடத்தில் வெதுவெதுப்பாகி, மறுபடி சூடாகும். ஜனவரி முதல் வாரத்தில் பாய்லர் அடியோடு நின்றது.

உங்களுக்குப் போன் செய்தால், வந்து பார்க்கவே 95 பவுண்டு என்றார்கள். வேறு வழியில்லாமல் பாய்லர் தயாரிப்பாளரையே அழைத்தேன். வந்த இன்ஜினியர் காந்த வடிகட்டியை என் கண் முன்னால் திறந்தார். காந்தத்தைச் சுற்றிலும் ஷூ பாலிஷ்போல் கெட்டியான கறுப்புப் பசை. பாய்லருக்குள் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குறுகிய பாதைகளும் அதே சேற்றால் அடைந்திருந்தன. தண்ணீரில் சோதனைப் பட்டையை முக்கிப் பார்த்தார், இன்ஹிபிட்டர் இருப்பதற்கான அடையாளமே இல்லை. பொருத்தியவர் தான் செய்ததைப் பதிய வேண்டிய, பாய்லர் கையேட்டின் கடைசியில் இருக்கும் பெஞ்ச்மார்க் பக்கத்தைத் திருப்பினார். எந்த கிளீனர், எந்த இன்ஹிபிட்டர், எத்தனை லிட்டர் என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள் மூன்றும் காலி. அழுக்குத் தண்ணீரால் வந்த பழுதுக்கு வாரண்டி பொருந்தாது என்று சொல்லி 380 பவுண்டு வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

பாகம் வந்து மாட்ட மொத்தம் 11 நாள் ஆனது. என் அம்மாவுக்கு 74 வயது, ஆஸ்துமா உண்டு. மாடி ஏற முடியாததால் கீழே முன் அறையில்தான் படுக்கிறார். அந்த அறை காலையில் 13 டிகிரி. இரண்டு மின்சார ஹீட்டர்களை வைத்து ஒப்பேற்றினோம். இரவெல்லாம் இருமிக்கொண்டே, “எனக்கொண்ணும் இல்லப்பா, நீ போய்ப் படு” என்று சொன்ன அம்மாவிடம் என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு நான் தொகை எதுவும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

போனில் உங்கள் மேலாளர் சொன்ன பதில், “மெல்லிய குழாய் உள்ள பழைய வீடு, அது எங்கள் பொறுப்பில்லை” என்பது. 10 மில்லிமீட்டர் குழாய் சீக்கிரம் அடைக்கும், உண்மைதான். ஆனால் அது செப்டம்பரிலேயே உங்களுக்குத் தெரியும், உங்கள் கொட்டேஷனில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஃப்ளஷ் செய்து தீராத குழாய் என்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கீழ்த்தளத்துக்கு மட்டும் புதுக் குழாய் போட எவ்வளவு என்று நான் கேட்டேன். “தேவையே இல்லை, ஃப்ளஷ்ஷே போதும்” என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாய்லரின் கழிவுநீர் வெளியேறும் கண்டென்சேட் குழாயை 21.5 மில்லிமீட்டர் அளவிலேயே சுவருக்கு வெளியேயும் கொண்டுபோயிருக்கிறீர்கள், உறையும் சுற்றவில்லை. வெளியே போகும் பகுதி 32 மில்லிமீட்டராக, உறையோடு இருக்க வேண்டும். ஒரு நாள் உறைபனியில் அது அடைத்துக்கொள்ள, நான்தான் வெந்நீர் ஊற்றி இளக்கினேன்.

சிஸ்டத்தைச் சுத்தம் செய்து, வடிகட்டி வைத்து, இன்ஹிபிட்டர் சேர்க்க வேண்டும் என்பது பி.எஸ். 7593:2019 என்ற பிரிட்டிஷ் தரநிலையில் இருப்பது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படாத சேவையைத் திரும்பச் செய்யச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதைத்தான் கேட்கிறேன். ஒன்பது ரேடியேட்டரையும் ஒவ்வொன்றாக ஃப்ளஷ் செய்யுங்கள், கீழ்த்தளக் குழாய்களில் ஓட்டம் இருக்கிறதா என்று சோதியுங்கள், தண்ணீரின் சுத்தத்தைக் காட்டும் மீட்டர் அளவை முன்னும் பின்னும் எழுதிக் கொடுங்கள். இன்ஹிபிட்டர் ஊற்றி, பெஞ்ச்மார்க் பக்கத்தை நிரப்பிக் கையெழுத்திடுங்கள். வெளிக் குழாயை மாற்றுங்கள். தயாரிப்பாளருக்கு நான் கட்டிய 380 பவுண்டைத் திருப்பித் தாருங்கள்.

கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் விலைக் குறைப்புக் கேட்பேன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்வேன். முன்பணம் கிரெடிட் கார்டில் கட்டியதால் 1974-ம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75-ம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமும் கோருவேன். அதுவரை போகாமல் நீங்களே சரிசெய்துவிட வேண்டும் என்பதுதான் என் விருப்பம். முதல் நாள் நன்றாக வேலை செய்தவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள், அவர்களையே அனுப்புங்கள்.

ஹால் ரேடியேட்டரில் இருந்து எடுத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன். அடியில் ஒரு விரற்கடை கறுப்பாகப் படிந்திருக்கிறது. வருகிறவரிடம் காட்டுவேன். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் நான் வீட்டிலேயே இருப்பேன். காலை எட்டரைக்கே வரச் சொல்லுங்கள், அன்று முழுவதும் வேலைக்கு ஒதுக்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
ஈஸ்ட் ஹாம், லண்டன்

இணைப்பு: கொட்டேஷன், பில், தயாரிப்பாளர் இன்ஜினியரின் அறிக்கை, பெஞ்ச்மார்க் பக்கத்தின் படம், காந்த வடிகட்டியின் படங்கள்