ஆடிப்பட்டத்துக்கு முந்தி வரவேண்டிய பணம்: நிதித்துறைக்கும் வேளாண்மைத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நிதித்துறை, வேளாண்மை - உழவர் நலத்துறைச் செயலாளர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் வட்டத்தில் மானாவாரிக் கொல்லையில், அதாவது மழையை நம்பிய புன்செய் நிலத்தில், மல்லாட்டை (நிலக்கடலை) போடும் விவசாயி எழுதுகிறேன். வேளாண்மைக்கு எத்தனை கோடி என்று ஒவ்வொரு மார்ச்சிலும் எல்லாரும் பேசுகிறார்கள். அந்தப் பணம் யாருடைய கணக்கை வைத்து முடிவாகிறது, எந்த மாதத்தில் கொல்லைக்கு வந்து சேருகிறது என்பதைப் பேசத்தான் ஆளில்லை. அதற்காகவே இந்த மடல்.

வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை முதன்முதலாக 2021 ஆகஸ்ட் 14 அன்று சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. எங்கள் தொழிலுக்கு ஒரு தனி நாள், தனிப் புத்தகம் கிடைத்ததை இப்போதும் பெருமையாகவே நினைக்கிறேன். 2021-22-க்கு 34,220 கோடி ரூபாய் என்றிருந்த தொகை 2025-26-க்கு 45,661 கோடியாக உயர்ந்தது. ஆனால் அந்தக் கூட்டுத்தொகைக்குள் பம்புசெட் இலவச மின்சாரம், கால்நடை, மீன்வளம், நீர்வளம், கூட்டுறவு, ஊரக வளர்ச்சி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. பேரவை வாக்களிப்பதோ துறைவாரியான மானியக் கோரிக்கைகளுக்கு, அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் கேட்கும் தொகைகளுக்கு. வேளாண்மைத் துறையின் கோரிக்கை எண் 5. பெரிய தொகையைக் காதால் கேட்டுவிட்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகும் விவசாயிக்கு, அந்த ஐந்தாம் எண்ணுக்குள் என்ன இருக்கிறது, அதில் தன் மாவட்டத்துக்கு எவ்வளவு என்று தெரிய வழியில்லை.

இந்தத் தொகைகள் முடிவாவது இப்படி: முதலில் நிதித்துறை சுற்றறிக்கை அனுப்பும். துறைத் தலைமை நடப்பாண்டின் திருத்திய மதிப்பீட்டையும் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டையும் கணக்குத் தலைப்பு வாரியாகத் தயாரித்து அனுப்பும். சம்பளம், தொடர் திட்டங்கள், புதிய திட்டங்கள் என்று பிரித்துப் பார்த்து, வெட்ட வேண்டியதை நிதித்துறை வெட்டும். தொடர் திட்டங்களுக்கு அடிப்படை, சென்ற ஆண்டு எவ்வளவு செலவானது என்பதே. பொதுப்பணத்துக்கு இப்படியொரு கட்டுப்பாடு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செலவாகாத பணத்தை ‘தேவைப்படாத பணம்’ என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்களைப் போன்ற மானாவாரி மாவட்டங்களைத்தான் அடிக்கிறது. எப்படி என்று மல்லாட்டை விதையை வைத்தே சொல்கிறேன்.

ஏக்கருக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் விதைப்பருப்பு வேண்டும். நெல்லைப் போலக் கொஞ்சம் விதைத்து நிறைய விதை எடுக்கும் பயிர் இல்லை இது. போட்டதைப் போல எட்டு மடங்கு, பத்து மடங்கு காய் வந்தாலே நல்ல விளைச்சல். அதனால் மற்ற செலவையெல்லாம் விட விதைச் செலவுதான் முதலில் கழுத்தைப் பிடிக்கும். ஆடிப்பட்டத்துக்கான நல்ல விதை, மார்கழிப் பட்டத்தில் கிணற்றுப் பாசனத்தில் போட்ட காயிலிருந்து வருகிறது. பங்குனி, சித்திரையில் பிடுங்கி, காயவைத்து, காயாகவே மூட்டை கட்டி வைப்போம். விதைப்புக்குச் சில நாள் முன்னால்தான் உடைப்பது. முன்கூட்டி உடைத்தால் முளைப்பு போய்விடும். உடைத்த பருப்பைப் பெண்கள் முறத்தில் பரப்பி, சுருங்கியது, பிளந்தது, சிவப்புத் தோல் கிழிந்தது எல்லாம் பொறுக்கித் தள்ளுவார்கள். தோல் கிழிந்த பருப்பு மண்ணுக்குள் அழுகும். இத்தனையும் முடிந்து, மழை பெய்து, கொல்லை பதத்துக்கு வந்தால் அந்த ஈரம் சில நாள்தான் நிற்கும். அதற்குள் ஏர் ஓடியாக வேண்டும்.

இப்போது உங்கள் நாட்காட்டியை இதன் பக்கத்தில் வையுங்கள். விதைக்காய் அறுவடை சரியாக மார்ச் 31-க்கு இரண்டு பக்கமும் விழுகிறது. பழைய ஆண்டின் கணக்கை மூடும் அவசரம் ஒரு பக்கம். புதிய ஆண்டின் மானியக் கோரிக்கை விவாதம், அதன்பின் திட்டத்துக்குத் திட்டம் அரசாணை, மாவட்ட இலக்கு, வட்டார இலக்கு என்று இன்னொரு பக்கம். ஒன்றியத் திட்டமாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. டெல்லியின் தவணைக்கும் காத்திருக்க வேண்டும். தேர்தல் ஆண்டில் இன்னும் தள்ளிப்போகும். நான் மேலே சொன்ன முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையே ஆடி முடியும் தறுவாயில்தான் வந்தது.

எங்கள் பக்கம் மானிய விதை பதம் தப்பிய பிறகு வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் பலரும் வியாபாரியிடம் விதையைக் கடனுக்கு எடுத்து விதைத்துவிட்டார்கள். கடனுக்கு எடுத்தால் அறுவடையில் அவர் சொல்லும் விலைக்கு அவரிடமே காய் போட வேண்டும். விரிவாக்க மையத்தில் இருந்த அலுவலர் வேலைக்குச் சோம்பியவர் இல்லை. சிட்டாவும் ஆதாரும் வாங்கி வைத்துக்கொண்டு அவரும் எங்களோடு சேர்ந்துதான் காத்திருந்தார். அந்த விதை முழுதாகப் போகவில்லை. தாளில் அது எப்படிப் பதிவாகும்? ‘இலக்கு எட்டப்படவில்லை.’ அடுத்த ஆண்டு மதிப்பீடு போடுகிறவர் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். தாமதமாக வந்த பணம் குறைந்த செலவாகிறது, குறைந்த செலவு அடுத்த ஆண்டின் குறைந்த ஒதுக்கீடாகிறது. இதில் விவசாயிக்குத் தேவை இல்லாமல் போனது எங்கே? ஆண்டுக்கடைசியில் மிச்சத்தைச் செலவழிக்க, கொல்லையில் பயிரே இல்லாத மாசி மாதத்தில் தெளிப்பானும் தார்ப்பாயும் கொடுப்பதில் எங்களுக்கு என்ன நன்மை?

கரும்பு, மா, பேரணாம்பட்டு பக்கத்து யானைப் பிரச்சினை எல்லாம் தனித்தனியாகச் சொல்ல வேண்டியவை. இங்கே இழுத்தால் சொல்ல வந்தது கரைந்துவிடும். இலவம்பாடி முள்ளுக்கத்திரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அணைக்கட்டு பக்கத்தில் சில ஊர்களில் மட்டும் விளையும் காய். மாநில அளவில் எக்டேர் கணக்கில் போடும் திட்டம் எதிலும் அது தானாக வந்து உட்காராது. ஊரிலிருந்து கேட்டால்தான் உண்டு. கேட்பதற்கு ஒரு நேரமும் இடமும் வேண்டாமா?

அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் மதிப்பீடு தயாரிக்கும் பருவத்தில்தான் அக்டோபர் 2 கிராமசபை வருகிறது. அன்றைக்கு ஒவ்வோர் ஊராட்சியிலும் வேளாண்மை அலுவலர் ஒரு தாளோடு வரட்டும்: போன ஆண்டு இந்த ஊருக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு திரும்பிப் போனது. தேதி கட்டாயம் வேண்டும். அதைப் பார்த்து ஊர் தன் தேவையைச் சொல்லட்டும். குத்தகைக்கு உழுகிறவர்கள் சிட்டா இல்லாமலேயே பேசக்கூடிய சபை அதுதான். ஏரியைப் பற்றியும் அங்கேதான் முழுதாகப் பேச முடியும். 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி நீர்வளத்துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று நீங்கள் பிரித்திருந்தாலும், தண்ணீர் ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குத்தான் போகிறது.

ஊர்களின் தேவையைத் தொகுக்க மாவட்டத் திட்டக் குழு இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 243-ZD பிரிவே அதற்கு வழி செய்கிறது. கேரளம் 1996-ல், ஊர் மக்களே திட்டமிடும் ‘மக்கள் திட்ட’த்தைத் தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுக்க முடிவெடுத்தது. அவ்வளவையும் நாளைக்கே கேட்கவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காட்டின் நான்கு மாவட்டங்களில் முதலில் செய்து பாருங்கள். கோரிக்கை எண் 5-இல் இந்த மாவட்டங்களுக்கு ஒதுக்கியதையும் செலவானதையும் தனி இணைப்பாக அச்சிடுங்கள். செலவு குறைந்த திட்டத்தை வெட்டும் முன், அரசாணை எந்தத் தேதியில் வந்தது, அந்தப் பட்டத்தின் விதைப்பு எப்போது முடிந்தது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை விதியாக்குங்கள்.

மல்லாட்டை விதைக் கொள்முதலுக்கான பணத்தை மட்டுமாவது இந்த ஆண்டே மாற்றி அமையுங்கள். மார்ச் 31-க்கு முன் பிடுங்கும் விதைக்காய்க்கு நடப்பாண்டு ஒதுக்கீட்டிலிருந்தும், சித்திரையில் பிடுங்குவதற்குப் புதிய ஆண்டின் முதல் வாரத்திலேயும் பணம் விடுவித்தால், வைகாசிக்குள் விதை மூட்டை எங்கள் வட்டாரக் கிடங்கில் இருக்கும். அதற்கான உத்தரவு தை மாதத்துக்குள் வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
கே.வி.குப்பம் வட்டத்து மானாவாரி விவசாயி