இரும்பு ஏற்றிய பிறகு எம்.ஆர்.ஐ

ரோஸ் ஹில்,
மொரிஷியஸ்

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். இங்கே தைப்பூசக் காவடி வருகிறது. வீட்டில் எல்லோரும் விரதம். மீன்குழம்பு கிடையாது, கடிதம் எழுத நேரம் உண்டு.

டர்பனில் சிறுநீரக நோயாளிகளுக்குக் எம்.ஆர்.ஐ படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் காடோலினியத்துக்குப் பதிலாக ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்பு மருந்தைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். சிறுநீரக நோயாளிகளின் தோலை இறுக்கும் என்.எஸ்.எஃப். நோய்க்கும் காடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிவந்ததிலிருந்தே இந்தப் பயம் இருக்கிறது. புதிய வளைய அமைப்புக் காடோலினிய மருந்துகளில் ஆபத்து மிகக் குறைவு. முதலில் அதை யோசி. முடியாவிட்டால்தான் இரும்பு.

இது சர்க்கரைச் சங்கிலி போர்த்திய இரும்பு ஆக்சைடு துகள், சுமார் 30 நானோமீட்டர். அமெரிக்காவில் 2009இல் அனுமதி கிடைத்தது சோகைக்குத்தான், படமெடுக்க அல்ல. சிறுநீரகம் இதை வெளியேற்ற வேண்டியதில்லை. கல்லீரல், மண்ணீரலில் இருக்கும் விழுங்கு செல்கள் எடுத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 15 மணி நேரம். ஆகவே ஊசி போட்ட நொடியைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். ஆனால் தமனியும் சிரையும் சேர்ந்தே வெளுக்கும். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலாவைப் பார்க்கையில் பிரித்தறியப் பொறுமை வேண்டும். எக்கோ நேரத்தையும் (சிக்னலைப் பிடிக்கக் காத்திருக்கும் நேரம்) குறுக்கி வை, நீண்டால் வெளுக்க வேண்டிய குழாயே கறுத்துவிடும்.

கிலோவுக்கு 3 மி.கி. போதும். 60 கிலோ ஆளுக்கு 180 மி.கி.; மில்லிக்கு 30 மி.கி. இருப்பதால் 6 மில்லி. நேராக ஏற்றாதே. 50 முதல் 200 மில்லி சலைனில் கலந்து, 15 நிமிடத்துக்குக் குறையாமல் சொட்டவிடு. முடிந்த பின் 30 நிமிடம் பி.பி. பார். கடும் ஒவ்வாமையால் உயிரிழப்புகள் நேர்ந்ததால்தான் 2015இல் எச்சரிக்கையை இறுக்கினார்கள். எந்த இரும்பு ஊசிக்காவது முன்பு ஒவ்வாமை வந்தவருக்கு இது வேண்டாம்.

எனக்கு அதைவிடக் கவலை, சோகைக்காக இதை ஏற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஸ்கேனுக்கு வருபவர்கள். இரும்பு இருக்கும் இடம் கறுக்கும் டி2 வகை எம்.ஆர்.ஐ படத்தில் கல்லீரல் கரியாகத் தெரியும். பார்ப்பவர் இரும்புச் சேர்க்கை நோய் என்று எழுதிவிடுவார். விழுங்கு செல் இல்லாத கட்டி பளிச்சென்று தனித்து நிற்கும். ஆனால் இயல்பான கல்லீரல் திசுவைப் பெரிதும் ஒத்திருக்கும் வகைப் புற்றில் அந்தச் செல்கள் மிஞ்சியிருந்தால் அதுவும் கறுத்து மறையும். இரும்பு ஏற்றிய பின் 4 வாரத்துக்கு டி2 எடுக்காதே. 3 மாதம் வரை பாதிப்பு இருக்கலாம். இடையில் தேவைப்பட்டால் டி1 அல்லது புரோட்டான் அடர்த்தி என்ற வேறு வகை எம்.ஆர்.ஐ படம் எடு. அவசரமென்றால் சி.டி.க்கோ அல்ட்ராசவுண்டுக்கோ அனுப்பு, அவற்றை இரும்பு கெடுக்காது.

நோயாளியிடம் "இரும்பு ஊசி போட்டீர்களா" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்பார். டயாலிசிஸ் குழாயில் போனதை அவர் ஊசியாக நினைப்பதில்லை. டயாலிசிஸ் அட்டையை வாங்கி, எந்த இரும்பு, எந்தத் தேதி என்று நீயே பார்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய சிநேகிதன்