மே வெஸ்டின் எழுத்தையும் பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஹாலிவுட் நடிகை மே வெஸ்டைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, அவருடைய காதல்களையும் உடைகளையும் விரிவாகச் சொல்லிவிட்டு, அவருடைய எழுத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. 1926-இல் தாமே எழுதி நடித்த நாடகத்துக்காக, மறு ஆண்டு நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 10 நாள் சிறைத் தண்டனை விதித்தது. அதன் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஏறத்தாழ 40 வயதில் திரைக்கு வந்து, தம் வசனங்களைத் தாமே எழுதிக்கொண்டு, ஆண்களை எடைபோட்டுப் பேசும் பெண்ணாகத் துணிந்து நின்றார். 1934-இல் தணிக்கை விதிகள் இறுகியபோது கத்தரிக்கோல் தேடி வந்ததும் அந்த வசனங்களைத்தான். மேடையில் நையாண்டி பேசும் பெண்ணின் நடத்தையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது, நாடகம் பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரர்களான எங்களுக்கு நன்றாகவே தெரியும். அவருடைய நாடகங்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ராயபுரம், சென்னை.