படத்தில் இருப்பது எங்கள் படகு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், பாய்மரப் படகுப் போட்டிக்காகச் சென்னையிலிருந்து தாய்லாந்து போய்வந்த சிறுவர் அணியைப் பற்றி நாலு வரிச் செய்தி வந்திருந்தது. அந்த அணியோடு கூடப் போன பெற்றோர்களில் நானும் ஒருவன். செய்தி வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் மேலே போட்டிருந்த படத்தில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து துடுப்பு வலித்துக்கொண்டிருந்தார்கள். அது வேறு விளையாட்டு. சரி, ராத்திரி பக்கம் முடிக்கிற அவசரத்தில் கைக்குக் கிடைத்த படத்தைப் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். விட முடியாமல் போனது, இரண்டு நாள் கழித்து இதே கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குப் பட்டயா போய்வந்ததெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்டிருந்தார்.

பட்டயா என்றதும் அவருக்கு என்னென்ன ஞாபகம் வந்ததோ எனக்குத் தெரியாது. நாங்கள் பார்த்த பட்டயா என்பது காலை ஆறரைக்குப் படகுத்துறை, மத்தியானம் முழுக்க வெயில், சாயங்காலம் நல்ல தண்ணீரில் படகு கழுவுவது, ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் தூக்கம். ஏழு நாளும் இதுதான். பிள்ளைகளின் மூக்கு உரிந்து, உள்ளங்கை கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போய், திரும்பும்போது என் மகளை அவள் பாட்டிக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆனாலும் அந்த வாசகர் சொன்னதில் பாதி சரி. காசு இல்லாமல் இந்த விளையாட்டு இல்லை. டிக்கெட், தங்குமிடம், படகு வாடகை, போட்டிக் கட்டணம், பயிற்சியாளர் செலவில் எங்கள் பங்கு என்று ஆளுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நான் ஒரு பாங்க் கிளார்க். நடந்துகொண்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்துத்தான் கட்டினேன். படகை இங்கிருந்து கொண்டுபோக முடியாது, அங்கேதான் வாடகைக்கு எடுக்க வேண்டும், உடைந்தால் கழித்துக்கொள்ள ஒரு முன்பணம் வேறு. பாயும் சுக்கானும் மட்டும் நம்முடையது. ஏர்போர்ட்டில் சுருட்டி வைத்த பாய்களைப் பார்த்து ஒருவர், "என்ன சார், கட்சி பேனரா?" என்று கேட்டார். பிரித்துக் காட்டி, மறுபடி மடிப்பு விழாமல் சுருட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இவ்வளவு செலவு செய்து ஏன் வெளிநாடு போக வேண்டும், இங்கே கடல் இல்லையா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் முதல் நாளே கிடைத்தது. இந்தப் பிள்ளைகள் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட் என்கிற சின்னப் படகு, இரண்டே கால் மீட்டர் நீளம் சொச்சம், 35 கிலோ, பார்க்கத் தண்ணீர்த் தொட்டி மாதிரி சப்பையாக இருக்கும், 15 வயது வரைதான் அனுமதி. சென்னையில் ஒரு போட்டி என்றால் பத்து, மிஞ்சினால் இருபது படகு வரும். அங்கே ஒரே கோட்டில் ஐம்பதுக்கு மேல். நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கொடி ஏறும், ஊதல் சத்தம் வரும், அதிலிருந்து எண்ணிக்கொண்டே எல்லாப் படகும் கோட்டுக்குப் பின்னால் முண்டும். நம்ம ஊர் பஸ்ஸில் ஏறுவது மாதிரிதான். முந்தினால் இடம், பிந்தினால் முன்னால் போகிறவனின் பாய் உன் காற்றைத் தின்றுவிடும். ரொம்ப முந்தினாலும் போச்சு. கறுப்புக் கொடி ஏற்றிய ரேஸில் கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் விசாரணையே கிடையாது, அந்தப் படகுக்கு மட்டும் அந்த ரேஸ் ரத்து. இரண்டாவது ரேஸில் என் மகளுக்கு அதுதான் நடந்தது. அழவில்லை. கரைக்கு வந்து, "அப்பா, எவ்வளவு சத்தம் தெரியுமா" என்றாள், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைச் சென்னையில் உண்டாக்கிக் காட்ட முடியாது. நேத்ரா குமணன் 2021ல் ஓமனில் நடந்த தகுதிப் போட்டி வழியாகத்தான், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் வாங்கினார். அதற்கு முன் எத்தனை வெளிநாட்டுக் கோடுகளில் நின்று முட்டி மோதியிருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அணியில் ஆறு பேர். அதில் ஒரு பையன் காசிமேடு. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பையனின் மாமா எங்கள் பிள்ளைகள் பழகுகிற படகு கிளப்பில் படகு இறக்கி ஏற்றும் வேலை செய்கிறார், அவரோடு படகு கழுவ வந்த பிள்ளை இவன். ஒரு நாள் ஆள் குறைந்தது என்று பயிற்சியாளர் ஒரு படகில் ஏற்றிவிட்டிருக்கிறார், அப்புறம் இறங்கவே இல்லை. அவன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகச் சுவர் தெரியும், கிளப் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. ஆனால் மாமா அங்கே வேலை செய்யாவிட்டால் அவனுக்கு அப்படி ஒரு கிளப் இருப்பதே தெரிந்திருக்காது. பாதுகாப்புக்காக பாஸ் கேட்கிற இடம், அதில் தப்பு சொல்ல முடியாது. 1911லிருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிற துறைமுகம் அது. அதற்குப் பக்கத்துக் குப்பத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

அவன் செலவை கிளப் உறுப்பினர்கள் சிலர் பங்கு போட்டார்கள். காசைவிடப் பெரிய தொல்லை பாஸ்போர்ட். அப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. இரண்டு தடவை அலைந்தார்கள். நல்லவேளை அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால் அப்பா கரையில் இருந்தார், கையெழுத்துப் போட ஆள் கிடைத்தார். அந்த இரண்டு மாதத்துக்கு அந்த வீட்டுக்கு வருகிற அரசு நிவாரணம் 8000 ரூபாய். இந்த வீட்டுப் பிள்ளைதான் அந்த வாசகர் சொன்ன பணக்கார வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன்.

போட்டிக்கு முந்தின நாள் பயிற்சிக்கு இறங்கினார்கள். மற்ற பிள்ளைகள் காற்று எந்தப் பக்கம் வரும் என்று செல்போனில் பார்த்துக்கொண்டிருக்க, இவன் கரையில் நின்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரொம்ப நேரம். என்னடா என்றேன். "எல்லாம் தலைகீழா இருக்கு மாமா. நம்ம ஊர்ல மேற்கேருந்து வந்தா கரைக்காத்து. இங்க மேற்கேருந்துதான் கடல்காத்தே வருது" என்றான். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நமக்குக் கடல் கிழக்கே, பட்டயாவில் மேற்கே. நமக்குச் சூரியன் உதிக்கிற இடத்தில் அவர்களுக்கு நிலம். செல்போனில் வராத இன்னொன்றும் சொன்னான். நிலம் சூடேறினால்தான் கடல்காத்து எழும்பும், அதோ அந்த மேட்டு மேல மேகம் கட்டினதும் வரும் பாருங்க என்றான். மறுநாள் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கொடியை ஏற்றி, காற்றில்லை என்று ரேஸைத் தள்ளிவைத்து எல்லோரையும் கரையில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் விளையாடப் போய்விட்டார்கள். இவன் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்து, மேகம் வெள்ளையாகத் திரண்டதும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டான். கால் மணி நேரத்தில் கொடி இறங்கியது. அன்றைக்கு அவனுக்கு ஒன்பதாவது இடம். எங்கள் அணியில் யாரும் அதைத் தாண்டவில்லை.

அதற்கு அடுத்த நாள் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த விளையாட்டில் சாலை விதி மாதிரி ஒன்று உண்டு, காற்றை வலப்பக்கம் வாங்கி வருகிற படகுக்கு இடப்பக்கம் வாங்கி வருகிற படகு வழிவிட வேண்டும். இவன் வலப்பக்கக் காற்றில் சரியாகத்தான் வந்தான், கத்தியும் இருக்கிறான், எதிரே வந்த பையன் விலகவில்லை, மோதல். படகுக்குச் சேதம் இல்லை, ஆனால் நின்று கிளம்புவதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். கரைக்கு வந்ததும் குறித்த நேரத்துக்குள் புகார்ப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும், அப்புறம் நடுவர்கள் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் வாதாட வேண்டும். பெரியவர்கள் யாரும் அவனுக்காகப் பேச முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். "வேணாம் மாமா, வுட்டுடலாம்" என்றான். தண்ணீரில் பயப்படாத பிள்ளை அந்த ஏசி அறைக் கதவைப் பார்த்துப் பயந்தான். கடைசியில் மொழிபெயர்க்க என் மகள் கூடப் போனாள். மேஜைமேல் சின்னப் பொம்மைப் படகுகள் வைத்திருந்தார்களாம், இவன் பேசுவதை நிறுத்திவிட்டு அவற்றைக் கையால் நகர்த்தியே காட்டியிருக்கிறான், காற்று இங்கே, நான் இங்கே, அவன் இங்கே என்று. தீர்ப்பு இவன் பக்கம். எதிரிப் படகு அந்த ரேஸில் ரத்து. போன இடம் இவனுக்குத் திரும்ப வராது, விதி அப்படித்தான், ஆனால் ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

மொத்தத்தில் அவன் பட்டியலில் நடுவுக்குக் கொஞ்சம் கீழே முடித்தான். கோப்பை எதுவும் இல்லை. நான் அதை ஊதிப் பெரிசாக்க விரும்பவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பாய்மரப் படகில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர் எந்த ஊர்? மத்தியப் பிரதேசம். விவசாயி மகள். போபால் ஏரியில் படகு ஓட்டிப் பழகியவர். 2018ல் ஜகார்த்தாவில் வெண்கலம் வாங்கிய ஹர்ஷிதா தோமரும் அதே போபால் பயிற்சிதான். கடலைக் கண்ணால் பார்க்க ஒரு ராத்திரி ரயிலில் போகவேண்டிய மாநிலம். ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியில் ஒரு கிளப் ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பழக்குகிறது, அதிலிருந்து தேசிய சாம்பியன்கள் வருகிறார்கள். நமக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை, கரை முழுக்கக் குப்பம். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து பாய்மரப் படகுக்குப் போன நாலு பேருமே தமிழ்நாடுதான்: நேத்ரா, விஷ்ணு சரவணன், கணபதி, வருண் தக்கர். பெருமையான விஷயம். உச்சிக்குப் போனவர்களுக்கு அரசு கை கொடுப்பதும் உண்மை. ஆனால் கீழே ஏணியின் முதல் படி துறைமுகச் சுவருக்குள்ளேயே இருக்கிறது. போபாலில் அதை அரசாங்கமே கொண்டுபோய் ஏரிக்கரையில் வைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆப்டிமிஸ்ட் படகே செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று வந்ததுதான். 1947ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா பக்கம், ஐம்பது டாலருக்குள் பிள்ளைகளுக்கு ஒரு படகு வேண்டும் என்று கேட்டதற்கு, கிளார்க் மில்ஸ் என்ற படகுக்காரர் ப்ளைவுட் பலகையில் இதை வரைந்தார். அப்பாவும் பிள்ளையும் வீட்டுக் கொட்டகையிலேயே அறுத்துச் செய்கிற மாதிரிதான் அந்த வடிவம், அதனால்தான் தொட்டி மாதிரி இருக்கிறது. பட்டயாவில் 1967ல் நடந்த தென்கிழக்கு ஆசியப் போட்டியில் தாய்லாந்து மன்னர் பூமிபோல் பாய்மரப் படகில் தங்கம் வாங்கியிருக்கிறார். பார்த்தீர்களா, ராஜா விளையாட்டு என்று அந்த வாசகர் சொல்வார். சொல்லட்டும், ஆனால் அந்த ராஜா தன் படகுகளைத் தானே இழைத்து ஒட்டிச் செய்தவர்.

நம்ம கரையில் ஃபைபர் படகு செய்கிற பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சர்வதேசப் போட்டிக்கு அளந்து முத்திரை போட்ட படகுதான் செல்லும், அது வேறு. பழகுவதற்கு அந்த முத்திரை வேண்டாம். ஒரு குப்பத்துக்குப் பத்து படகு, ஒரு பயிற்சியாளர், பின்னால் வர ஒரு மோட்டார் படகு, ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். காசிமேடு, கோவளம், நாகை, ராமேஸ்வரம் என்று நாலு இடத்தில் ஆரம்பித்துப் பார்க்கட்டும். அரசு செய்யலாம், துறைமுகத்தைச் சுற்றி இருக்கிற கம்பெனிகளின் சமூக நிதியில் செய்யலாம். பயிற்சியோடு கொஞ்சம் இங்கிலீஷும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் அந்த ஏசி அறைக்கு என் மகள் கூடப் போக வேண்டியிருக்காது.

கடைசியாகப் படம் பற்றி. அன்றைக்குப் பேப்பர் வந்ததும் பையனின் அம்மா துடுப்புப் படத்தோடு அந்தச் செய்தியைக் கத்தரித்து அரிசி டப்பா மேல் ஒட்டிவிட்டார். பையன், "அது நாங்க இல்லம்மா" என்று சொல்லியும் கேட்கவில்லை, செய்தி உன்னுதுதானே என்றாராம். எங்கள் பிள்ளைகள் ஓட்டிய படகின் படம் இதோடு அனுப்பியிருக்கிறேன். ஓரமாகவாவது போடுங்கள், அவர் மாற்றி ஒட்டிக்கொள்வார்.

இப்படிக்கு,
அணியில் ஒரு பிள்ளையின் அப்பா,
ராயபுரம், சென்னை