'திரு' என்று எழுதிய மனு

மாவட்ட நிர்வாகத்தின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். முதியோர் உதவித்தொகை நின்றுபோன எங்கள் ஊர் மூதாட்டியின் மனு, அமைச்சர் பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' இல்லையென்று அலுவலகமொன்றில் திருப்பப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அடைமொழி இல்லையென்று எந்த மனுவையும் திருப்பக்கூடாது என ஆணையிடுங்கள் என்பதே என் கோரிக்கை.

மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். நான் எழுதிய 'திரு' சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. பின்னால் வைத்த வங்கிப் புத்தக நகலோ மடிப்புக்கூடப் பிரியாமல் குண்டூசியோடு அப்படியே திரும்பியிருந்தது. டவுன் பஸ்ஸில் வந்து மதியம்வரை வரிசையில் நின்ற அந்த அம்மையார், "பேரு செரியாத்தானுங்களே எழுதியிருக்குது கண்ணு?" என்று என்னைக் கேட்டார். தாங்கள்தாம் விடை சொல்ல வேண்டும்.

'மாண்' என்றால் சிறத்தல், பெருமையுறுதல். மாண்பும் மாட்சியும் அதன்வழி வந்த சொற்கள். திருக்குறளின் 39ஆம் அதிகாரம் இறைமாட்சி. ஆள்பவன் காட்சிக்கு எளியனாய், கடுஞ்சொல் இல்லாதவனாய் இருந்தால் அவன் நாட்டை உலகம் உயர்த்திச் சொல்லும் என்கிறது அதிலுள்ள 386ஆம் குறள். ஆள்பவரைக் காண்பது இருக்கட்டும், அவருக்கு எழுதிய தாள் மேசையைத் தாண்டுவதே எங்களுக்கு அரிதாயிருக்கிறது. ஈரோட்டில் பிறந்த ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என அழைக்கச் சொல்லி 1938இல் தீர்மானம் போட்டது சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. அப்படிச் சொல்லாதவரின் மனுவை யாரும் திருப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. முன்பு 'கனம்' என்று எழுதிய இடத்தில் இன்று 'மாண்புமிகு' வந்திருக்கிறது. அலுவலக வரிசை மட்டும் மாறவில்லை.

ஃபிளெக்ஸ் பலகைகளில் அடைமொழிகளுக்கு நடுவே பெயரைத் தேட வேண்டியிருக்கிறது; அது கட்சிக்காரர்கள் செலவு, நான் குறுக்கே வரவில்லை. அரசும் அடைமொழிகளுக்கென ஒரு படிவம் அச்சிட்டு, குறையை எழுத அடியில் இரண்டு வரி விட்டுவிடலாமே! பொறுத்தருள்க, கேட்க வந்தது இதுவன்று.

அடைமொழிக்காக மனுவைத் திருப்ப வேண்டாமென எல்லா அலுவலகங்களுக்கும் எழுத்துமூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். மரபு முக்கியமென்றால் பெற்றுக்கொண்ட பிறகு அலுவலகத்திலேயே சேர்த்துக்கொள்ளட்டும். அம்மையாரின் மனுவை இத்துடன் மீண்டும் இணைத்துள்ளேன். 'திரு' என்றே இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு அனுப்பி உதவுங்கள்.

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுத்தவன்