சின்னதைக் கிடாவுக்கு விடாதே

பண்ருட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய ஆட்டு வீடியோவை அம்மா தெருவில் ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டாள். நைஜீரியன் டுவார்ஃப் என்று நீ சொன்னதும் எனக்கு நம்மூர்ப் பள்ளையாடுதான் நினைவுக்கு வந்தது. அதே குட்டைக் கால், அதே துறுதுறுப்பு. ஆனால் பள்ளையை நாம் கறிக்கும் குட்டிக்கும்தான் வளர்க்கிறோம், குட்டி குடித்தது போகக் கறக்கப் பெரிதாக மிஞ்சாது. உன்னுடையது இரண்டடி உயரத்துக்குள் இருந்துகொண்டு நாளுக்கு ஒரு லிட்டர் கறக்கும். கொழுப்பு 6 சதவீதம் வரை நிற்கும். நல்ல இனமாகத்தான் பிடித்திருக்கிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரும் மாதம் உன் இரண்டு பெட்டையாடுகளையும் கிடாவுக்கு விடப்போவதாகச் சொன்னாய். பெரியதை விடு. சின்னதை விடாதே. அதற்கு ஆறு மாதம்தான் ஆகிறது. வாலை ஆட்டிக்கொண்டு கத்துகிறது, தீனி எடுக்கவில்லை என்றாய். பருவம்தான், சந்தேகமில்லை. இந்த இனம் அதற்கு முன்னாலேயே கூடப் பருவத்துக்கு வந்துவிடும். ஆனால் சினை பிடிப்பது வேறு, குட்டி வெளியே வர இடுப்பு இடம் கொடுப்பது வேறு. நான் கால்நடை ஆய்வாளராக இருந்த காலத்தில், குறிஞ்சிப்பாடிப் பக்கம் ராத்திரியில் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இளம் பெட்டையைத்தான் தூக்கி வருவார்கள். மேய்ச்சலில் கிடாக்குட்டியோடு சேர்ந்து தானாகச் சினையானது. குட்டியின் தலை வெளியே தெரியும், தோள் மாட்டிக்கொண்டிருக்கும். தாய் முக்கி முக்கி ஓய்ந்துபோய்க் கண் செருகிக் கிடக்கும். உன் வீட்டில் அது நடக்க வேண்டாம் கண்ணு.

ஒரு வயது நெருங்கட்டும். வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வரட்டும். பருவம் தவறிப் போகாது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். கிடாவும் அதே குட்டை இனமாக இருக்கட்டும். பக்கத்துப் பண்ணையில் பெரிய கிடா சும்மா கிடைக்கிறது என்று ஒத்துக்கொள்ளாதே.

இன்னொன்று, வீடியோவில் பெரியதுக்குக் கொம்பைக் காணோம். குட்டியில் சுட்டுவிட்டார்களா, இல்லை பிறவியிலேயே மொட்டையா என்று விற்றவரிடம் கேள். பிறவி மொட்டையாக இருந்தால், கொம்புள்ள கிடாவாகப் பார். இரண்டும் மொட்டையாகச் சேர்ந்தால் சில குட்டிகள் ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் மலடாகப் பிறக்கும். படித்தவர்களே இதைக் கவனிப்பதில்லை.

சேர்த்த தேதியை எழுதி வை. அதிலிருந்து 150 நாள், நாலைந்து நாள் முன்பின் ஆகலாம். புரட்டாசிக் கடைசியில் விட்டால் மாசிக் கடைசி, பங்குனியில் குட்டி. அங்கே பனி குறையும் நேரம்தானே? இங்கே கார்த்திகை மழையில் பிறக்கிற குட்டியைக் காப்பாற்றுவது பெரும்பாடு, அதனால் எங்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

கடைசி வாரத்தில் தினமும் வாலடியைத் தடவிப் பார். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் பென்சில் மாதிரி விறைப்பாக ஒரு தசைநார் இருக்கும். அது இளகிக் கைக்கே அகப்படவில்லை என்றால் ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும். அன்றைக்கு லீவு போட்டுவிடு. மூன்று, நாலு குட்டி கூடப் போடும் இனம் இது. கடைசியில் பிறந்தது சீம்பால் கிடைக்காமல் ஒதுங்கிவிடும், அதைத் தூக்கி நீயே காம்பில் வை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாமே குடித்திருக்க வேண்டும். கிடாக்குட்டிகளை இரண்டு மாதம் முடிவதற்குள் தனியாகப் பிரித்துக் கட்டு. தாயென்றும் தங்கையென்றும் அதுகளுக்குத் தெரியாது.

இங்கே நம் ஆடுகளுக்குப் பலா இலை போட்டால் காம்பைக்கூட மிச்சம் வைப்பதில்லை. அங்கே என்ன தழை கிடைக்கிறது என்று எழுது. பெரியதின் மடியைப் பின்பக்கமிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு, காம்பு இரண்டும் ஒரே அளவா என்று பார்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா